கீழே கையெழுத்திட்ட நாங்கள்

பந்தை உதைக்கிறது என் மகன் காலு. இதுல அவன் அப்பன் கை எங்கேய்யா வந்துச்சு? சபாபதி கிராணிகிட்ட நான் இதைத்தான் கேட்டேன். "சங்கத்துச் சட்டம்மா, நான் என்ன பண்றது"ன்னு மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைக்க ஆரம்பிச்சிட்டார்.

பெரிய வெள்ளம் வந்து மூணாவது வருஷம் அது. பிரிக்பீல்ட்ஸ்ல ரயில்வே ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணிமாருங்கல்லாம் கூடி 'நல்லொழுக்க வாலிபர் சங்கம்'னு ஒண்ணு வச்சிருந்தாங்க. சபாபதிதான் காரியதரிசி. சங்கத்துல பேர் இருந்தாத்தான் பாடாங்குல இறங்கிப் பந்து விளையாடலாம். திடல் என்னமோ சர்க்கார் திடல்தான், ஆனா சாவி இவங்க மடியில. அதுல ஒரு சட்டம் போட்டிருந்தாங்க பாருங்க, யாரு மூளையில உதிச்சதோ தெரியல: சேர்ற பையனோட தகப்பன் கையெழுத்துப் போடத் தெரிஞ்சவனா இருக்கணுமாம். கைநாட்டு வைக்கிறவன் மகனுக்கு இடமில்லையாம்.

எங்க வீட்டுக்காரர் நாகையா தண்டவாளம் போடுற கேங்குல வேலை. கைநாட்டுதான். கேங்குக்காரங்க குடியிருக்கிற எங்க லயத்துல எல்லா ஆம்பளையும் கைநாட்டுதான். ஆனா என் மகன் கன்னையா தமிழ்ப் பள்ளிக்கூடம் போனவன், எழுத்து முத்து முத்தா இருக்கும். சாயங்காலமானா பாடாங்கு வேலி ஓரமா நிப்பான். பந்து தப்பி வெளியே வந்தா இவன் திருப்பி உதைப்பான், அது நேரா கோலுக்குள்ள போய் விழும். உள்ளே இருக்கிறவனுங்க கோலடிக்க மாட்டாம முழிப்பானுங்க, வெளியே நிக்கிறவன் அடிப்பான். கிள்ளான் ஊர்க்காரங்களோட மோதுற ஆட்டத்துல ஒருதடவை ஆடிறணும்னு அவனுக்கு அப்படியொரு வெறி.

சேர்க்க மாட்டோம்னு சொன்ன அன்னைக்கும் அவன் வேலி ஓரமாத்தான் போய் நின்னான். அவங்கப்பாதான் உடைஞ்சு போயிட்டார். "நான் தற்குறியா இருக்கிறது இவன் தலையில விடிஞ்சிருச்சே, பவுனு"ன்னு கண்ணு கலங்கினார். தண்டவாளத்தை நேரா போடத் தெரிஞ்ச மனுஷன் தற்குறியா? இவரு கோணலா போட்டிருந்தா அந்த கிராணிமாருங்க எந்த ரயில்ல போய் மாமியார் வீட்டுல விருந்து சாப்பிடுவாங்க?

நல்லவேளை, சங்கத்துக்குப் பண ஆசை வந்துச்சு. வாலிபர் சங்கங்களுக்கு சர்க்கார் முந்நூறு வெள்ளி உதவி தருதுன்னு சேதி. ஆனா சும்மா தருவாங்களா? 'இந்தச் சங்கத்தால எங்க வட்டாரத்துக்கு நன்மை'ன்னு வட்டாரத்து ஜனமே மனு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். கிராணி வீடுங்க எத்தனை இருந்துச்சு? அதுலயும் பாதி வீடு தலைவர் பதவிக்காக அடிச்சுக்கிட்டு மூஞ்சி கொடுத்துப் பேசுறதில்ல. ஜனத்துக்கு எங்கே போவாங்க?

எங்க லயத்துக்குத்தான் வந்தாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை சபாபதி காலுல பளபளன்னு சப்பாத்து மாட்டிக்கிட்டு, கையில மை டப்பாவோட வந்து நிக்கிறார். ஆத்தாடி, என்ன சிரிப்பு, என்ன குழைவு! "நாகையா அண்ணே, சௌக்கியமா?" அதுவரைக்கும் 'ஏய், கேங்கு'ன்னு கூப்பிட்ட வாய்.

எங்க வீட்டுக்காரர் வெள்ளை மனசு. உடனே கட்டைவிரலை நீட்டிட்டார். நான் பாய்ஞ்சு போய் விரலைப் புடிச்சுக்கிட்டேன்.

"எழுதியிருக்கிறதை வாசிங்க கிராணியாரே."

"எல்லாம் நல்லதுதாம்மா."

"நல்லதுன்னா காதுல விழட்டுமே."

தொண்டையைச் செருமிக்கிட்டு வாசிச்சார். "கீழே கையெழுத்திட்ட நாங்கள்..."

"நாங்கள்னா யாரு?"

"நீங்கதாம்மா."

"நாங்க வைக்கிறது கைநாட்டுல்ல? கையெழுத்துன்னு எழுதியிருக்கீங்க?"

வெயில்ல நின்ன கடுப்புல, "அட, சர்க்காருக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா!"ன்னு லயமே கேக்கக் கத்திட்டார்.

நான் விரலை விட்டுட்டேன். "இந்தாங்க, போடுங்க. நல்லா அழுத்திப் போடுங்க"ன்னேன். லயத்துல ஒருத்தர் பாக்கியில்லாம அழுத்தினாங்க.

பணம் கொடுக்க சர்க்கார்லேருந்து வெள்ளைக்கார துரை வந்த அன்னைக்கு சங்கத்துக்கு நாங்களும் போனோம். சபாபதி எங்களைப் பார்த்ததும் முகம் கடுத்தார். துரைக்குக் கொஞ்சம் தமிழ் வரும். மனுவைப் புரட்டினார். பக்கம் பக்கமா கறுப்பு விரலுங்க. புருவத்தைத் தூக்கி, "சபாபதி, இது எல்லாம் கையெலுத்தா?"ன்னு கேட்டார்.

முந்நூறு வெள்ளி கண்ணு முன்னால ஆடுது. "சந்தேகமே வேண்டாம் துரை! அத்தனையும் முறையான கையெழுத்து!"ன்னார் சபாபதி.

நான் கன்னையாவை முதுகுல தள்ளி முன்னால நிறுத்தினேன். "துரை, இவன் அப்பாவும் அதுல கையெழுத்துப் போட்டிருக்கார். கையெழுத்துப் போடுறவர் மகன் சங்கத்துல சேரலாம்னு சட்டம் இருக்கு. கிராணியார் நல்லவர், இன்னைக்கே சேர்த்துக்குவார்."

சபாபதிக்கு வேர்த்து ஊத்துது. அது வேற, இது வேறன்னு சொல்ல வாயைத் திறந்தார். துரை கையில பண உறை இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டார். எனக்கு மனசுக்குள்ள குலவை போட்டது போல இருந்துச்சு. எனக்குப் பின்னால பார்த்தா லயத்துப் பொம்பளைங்க அத்தனை பேரும் அவங்கவங்க மகனைக் கையில புடிச்சுக்கிட்டு வரிசை கட்டி நிக்கிறாளுங்க.

அங்கேயே சேர்க்கைத் தாள் வந்துச்சு. 'தகப்பனார் கையெழுத்து'ன்னு போட்டிருந்த இடத்தைக் கன்னையாவே வாசிச்சு அப்பாவுக்குக் காட்டினான். துரை பார்த்துக்கிட்டு நிக்க, மை டப்பாவை சபாபதியேதான் ஏந்திப் புடிச்சார். எங்க வீட்டுக்காரர் மெதுவா, அவசரமே படாம, இடது கட்டைவிரலை அழுத்தி எடுத்தார்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். கட்டைவிரல்ல மை அப்படியே கறுப்பா இருக்கு. சம்பள நாள்ல கைநாட்டு வச்சிட்டு யாரு கண்ணுலயும் படாம அதை மண்ணுல தேய்ச்சுத் தேய்ச்சு, தோல் உரிஞ்சு வர்ற மனுஷன் அவர்.

"கை கழுவிட்டு வாங்க"ன்னேன்.

"வலது கையைக் கழுவிட்டேன்டி"ன்னார். இடது கையை மடியில பத்திரமா வச்சுக்கிட்டு உக்காந்தார். "இது இருக்கட்டும். கையெழுத்து."