கடைசியாக வந்தவளுக்குத்தான் பலகை

தூலா குடிசையை எட்டியபோது மழை பிடித்துக்கொண்டது. இனாரி ஏரிக்கரைப் பாதையில் காலையிலிருந்து நடை, நடுவில் சதுப்பில் புதைந்த ஒரு பூட்ஸை இழுத்தெடுத்த கூத்து வேறு. அடுப்பை மூட்டி, காப்பிக்குத் தண்ணீர் வைத்து, பலகையில் காலை நீட்டினாள். அந்தக் குடிசையில் ஒரு ஆள் படுக்க ஒரே பலகைதான். மீதி இடம் முழுக்க அடுப்பு. காட்டில் நடப்பவர்களுக்கான பொதுக் குடிசை அது; கதவு பூட்டுவதில்லை, யார் வந்தாலும் தங்கலாம்.

வருஷா வருஷம் ஜூலையில் அவளும் தோழி இர்மெலியும் அந்தப் பலகையில் ஒருக்களித்துப் படுத்துத்தான் தூங்குவார்கள். போன வருஷம் வந்தது வினை. கிளம்பும்போது, அடுத்து வருகிறவருக்கு விறகு பிளந்து வைக்காமல் போய்விட்டார்கள். காட்டில் அதைவிடக் கேவலம் கிடையாது. மறுநாள் தொப்பலாக நனைந்து வந்தவன் குளிரில் விறைத்துப்போய், ஊர்க் கடையில் வந்து கொட்டித் தீர்த்தான். முந்தின நாள் அங்கே தங்கியது யாரென்று ஊருக்கே தெரியும். அத்தனை பேர் முன்னால் தூலா இர்மெலியைக் கைகாட்டி, "இந்தச் சோம்பேறியாலதான்!" என்று கத்தினாள். அதோடு பேச்சு நின்றது.

இவள் இல்லாவிட்டால் எனக்கு நடக்கத் தெரியாதா என்று வீம்பாகத் தனியே கிளம்பி வந்தாயிற்று. ஆனால் வழியெல்லாம் ஒரு வாய் பேச ஆளில்லாமல் தவித்துப்போனாள். அவள் திரும்பி வந்தால் போதும் என்றிருந்தது. போய்க் கூப்பிட மட்டும் நாக்கு எழவில்லை.

கதவு திறந்தது. சொட்டச் சொட்ட இர்மெலி.

தூலா எழுந்து மூட்டையைக் கட்டினாள். கடைசியாக வருகிறவருக்குத்தான் பலகை. இளைப்பாறியவர் எழுந்து போக வேண்டும். அந்தக் காடுகளில் அதை மீறியவர் இல்லை.

"எனக்காக யாரும் கிளம்ப வேணாம்," என்றாள் இர்மெலி, அடுப்பைப் பார்த்து.

"வழக்கம்னா வழக்கம்தான்," என்றாள் தூலா, காப்பிப் பாத்திரத்தைப் பார்த்து.

வெளியே கூடாரம் போடப் பார்த்தாள்; பாறையில் முளை இறங்கவில்லை. கூடாரம் சரிந்து தலையில் விழுந்தது. கொசு பிய்த்துத் தின்றது. தூலாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. திரும்பிப் போய்க் கதவைத் தட்டினாள்.

"இப்பதான் வந்தேன். கடைசியா வந்தது நான்."

இர்மெலி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள். ஐயோ, இவ்வளவு ரோஷமா என்று தூலாவுக்குப் பகீரென்றது. ஈரக் காலுறையைக் கூட உருவியிருக்க மாட்டாள், கதவு தட்டப்பட்டது.

"இப்பதான் வந்தேன்," என்றாள் இர்மெலி. மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டியது.

தூலாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "அடியே, எத்தனை தடவைடி நனைவே?"

"நீ ஊரைக் கூட்டிச் சோம்பேறின்னே." இர்மெலி சிரிக்கவில்லை.

"சொன்னேன். தப்புதான். நீ பிளந்திருப்பேன்னு நெனச்சு நானும் கோடாலியைத் தொடலடி."

"நானும் உன்னைத்தான் நம்பிக்கிட்டிருந்தேன்."

"சரி, உள்ள வந்து ஒருக்களிச்சுப் படு. குறட்டை விட்டே, ஏரியில தள்ளிடுவேன்."

காலையில் மழை விட்டிருந்தது. இருவரும் போட்டி போட்டுக்கொண்டு விறகு பிளந்தார்கள். குடிசை வாசலில் இடுப்புயரக் குவியல். திருப்தியாகக் காப்பி குடித்து, மூட்டையை மாட்டி, ஏரி வளைவு தாண்டும்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே நடந்தார்கள். அங்கே முதல் தூறல் விழுந்தது.

இர்மெலி நின்றாள். "விறகை உள்ள அடுக்கிட்டேல்ல?"

"நீ அடுக்கலையா?"

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

"சோம்பேறி," என்றாள் இர்மெலி.

"நீதான்டி," என்றாள் தூலா. இரண்டு பேரும் திரும்பி, குடிசையைப் பார்த்து ஓடினார்கள்.