தொட்டில் கோடு, குடைக் கோடு

சூரஜ் சார் திருத்தினால் தாளின் பின்பக்கம்வரை தடம் விழும். பின்னாலிருந்து வருவான், நின்றபடியே குனிவான், ஒரு வார்த்தை கேட்க மாட்டான். ஒரு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாம் போட்ட கோட்டின் மேலேயே தன் தடித்த கறுப்புப் பென்சிலால் இழுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவான். அன்றைக்கும் ஷைனி வரைந்த பப்பாளியின் மேல் ஒன்பது கோடுகளை இழுத்தான். ஒன்பதும் அவள் போட்டதற்கு நேர் எதிராக வளைந்திருந்தன.

"எத்தனை தடவை சொல்றது சேச்சி? கோடு தொட்டில் மாதிரி கீழ தொங்கணும். நீங்க குடை மாதிரி மேல தூக்கி வச்சிருக்கீங்க. உங்க வீட்டுப் பப்பாளி என்ன, காத்துல பறக்குமா?"

சுற்றியிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். எல்லாரும் பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்கள்; ஓவியக் கல்லூரியில் சேருவதற்காக வருகிறவர்கள். ஷைனிக்கு முப்பத்தெட்டு. சூரஜுக்கே இருபத்தாறுதான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தாள். ஏன் சிரித்தோம் என்று நினைத்தபோது தன்மேலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோட்டயத்தில் விலங்கியலோ தாவரவியலோ படித்தவர்களுக்கு ஷைனியின் கை தெரியும். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பதினாறு வருடமாக மாணவர்களுக்கு ரெக்கார்டு நோட்டு வரைந்து கொடுக்கிறாள். தவளையின் குடல், கரப்பான்பூச்சியின் வாய், செம்பருத்தியின் உள்வெட்டு எல்லாம் கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுவாள். ஆனால் எல்லாம் தட்டை. அந்தச் சமயத்தில்தான் அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஓவியர் வேலைக்கு அழைத்திருந்தார்கள். ஒரே ஓர் இடம். காய், கிழங்கு, புழு, பூச்சி என்று அவர்கள் புத்தகங்களுக்கு வரைய வேண்டும். தேர்வில் ஒரு காயை எதிரே வைத்துவிட்டு, அதன் உருட்சி தெரிகிற மாதிரி போடச் சொல்வார்கள். நிழல் தீட்டக் கூடாது. குறுக்குக் கோடுகளாலேயே காட்ட வேண்டும். காயைச் சுற்றி வரிசையாக ரப்பர் பேண்டு மாட்டியது போலக் கோடுகள் ஓட வேண்டும். அவை எங்கே புடைக்கின்றன, எங்கே ஒடுங்குகின்றன என்பதில்தான் காய்க்கு உடம்பு வரும். அடுத்த முறை இந்த வேலைக்கு அழைக்கும்போது ஷைனிக்கு வயது தாண்டியிருக்கும். இதை விட்டால் சாகும்வரை தவளைக் குடல்தான்.

அதனால்தான் டயர் கடைக்கு மேல்மாடியில் நடந்த சூரஜின் வகுப்பில் சேர்ந்தாள். நடுவே ஓர் உயரமான மேசை, அதன்மேல் காய். சுற்றிலும் பிள்ளைகள் தரையில் பாய்மேல், மடியில் பலகையோடு. தேர்விலும் இப்படித்தான் என்பதால் யாருக்கும் நாற்காலி கிடையாது. சார் மட்டும் நிற்பான், நடப்பான். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளை முண்டு கட்டியிருப்பான். அவன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஓவியத்தில் பட்டம் வாங்கியவன், பேச்சுக்காரன். பட்டமில்லாத ஷைனி தன் கண்ணை நம்பாமல் அவன் கோட்டை நம்பினாள். மூன்று மாதம் நம்பினாள். தினமும் வீட்டில் முப்பது, நாற்பது தாள். வெண்டைக்காய், மாங்காய், கத்தரிக்காய், புருஷன் சாஜு தின்றுபோட்ட கோழிக்கால் எலும்பு வரைக்கும் எல்லாவற்றுக்கும் தொட்டில் கட்டினாள். அப்படியும் வகுப்பில் காயை உற்றுப் பார்த்து வரைந்தால் குடைதான் வரும். பார்க்காமல் கையை அதன் போக்கில் விட்டால் தொட்டில் வரும். நம் கண்ணில்தான் கோளாறு போல என்று நினைத்துக்கொண்டாள்.

பப்பாளிக்குத் திட்டு வாங்கிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியக் கறிக்குச் சேப்பங்கிழங்கைச் சீவ எடுத்தவள் அப்படியே நின்றாள். கிழங்கின் தோலில் அடிமுதல் நுனிவரை வளையம் வளையமாகக் கோடு இருந்தது. யாரும் போட வேண்டாம், மண்ணே போட்டு அனுப்பியிருந்தது. இத்தனை வருடமாகச் சீவி எறிந்துகொண்டிருந்தாள். கிழங்கைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜ் மேல் நிறுத்தி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். வளையங்கள் குடை. கிழங்கைத் தரையில் நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்த்தாள். வளையங்கள் தொட்டில். மறுபடியும் மேலே வைத்து உட்கார்ந்தாள். மறுபடியும் குடை. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் குடை, மேலேயிருந்து குனிந்து பார்த்தால் தொட்டில், அவ்வளவுதான் விஷயம். சூரஜ் தான் நின்று பார்த்ததை, உட்கார்ந்திருந்தவளின் தாளில் திருத்தியிருக்கிறான். அவள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

சர்ச்சிலிருந்து பசியோடு வந்த சாஜு, அடுப்பு காலியாக இருப்பதையும் பெண்டாட்டி தரையில் உட்கார்ந்து ஃப்ரிட்ஜை அண்ணாந்து பார்ப்பதையும் கண்டு, கிழங்குக்கு ஏதாவது நேர்ச்சையா என்று கேட்டான்.

"அதைத் தொடாதீங்க," என்றாள் ஷைனி. "மூணு மாசமா ஒருத்தன் என் கண்ணை நோண்டிக்கிட்டு இருந்திருக்கான். நானும் சார் சார்னு காட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

கடைசி வகுப்பு புதன்கிழமை. தேர்வு வெள்ளிக்கிழமை. மேசைமேல் ஒரு பூசணி இருந்தது. ஷைனி கண்ணுக்குத் தெரிந்தபடி குடைக் கோடுகளாகவே போட்டாள். பூசணி தாளைவிட்டு எழுந்து நின்றது. பின்னால் முண்டு சரசரக்கும் சத்தம் கேட்டதும் தாளின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"சார், முதல்ல என் இடத்துல உட்காருங்க. உட்கார்ந்து பாத்துட்டு அப்புறம் திருத்துங்க."

சூரஜ் பென்சிலை ஓங்கியபடி நின்றான். அப்புறம் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தான். "கேட்டீங்களாடா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சேச்சி, இது தவளை வயித்தைக் கிழிச்சு ரெக்கார்டு நோட்டுல போடற வேலை இல்ல."

"உட்கார்ந்தா முண்டு அழுக்காகும், வேறென்ன ஆகும் உங்களுக்கு?"

அவன் உட்காரவில்லை. அவள் கைக்குக் கீழிருந்து தாளை உருவினான். வகுப்புக்குத் தூக்கிக் காட்டி, இப்படிப் போட்டால் பூஜ்யம் என்று சொல்லி, பூசணியின்மேல் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தான். ஷைனி பலகையைக் கட்டிக்கொண்டு படியிறங்கினாள். அந்த நேரத்திலும் 'உங்களுக்கு' என்றுதானே பேசினோம், மரியாதை என்ன வேண்டிக்கிடந்தது அவனுக்கு என்று டயர் கடை வாசலில் நின்று வாய்விட்டுத் திட்டினாள். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன் தன்னையோ என்று நிமிர்ந்து பார்த்தான்.

வெள்ளிக்கிழமை அறுபது பேர். பத்துப் பத்துப் பேருக்கு ஓர் உயர மேசை. மேசைமேல் மஞ்சள் பழுத்த கணிவெள்ளரிக்காயை மணல் கிண்ணத்தில் குத்தி நிறுத்தியிருந்தார்கள். தலைக்கு ஒரே ஒரு தாள். கிழிந்தாலும் கறைபட்டாலும் இன்னொன்று கிடையாது. ஷைனிக்குப் பயமே இல்லை. குடை, குடை, குடை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். மெல்லிய உருவக் கோடு போட்டாள், காம்பு வைத்தாள், குறுக்குக் கோடுகளைத் தொடங்கினாள். ரெக்கார்டு நோட்டுப் பழக்கம்: மூக்கு தாளுக்குப் பக்கத்தில், பார்வை பென்சில் முனையில். நாற்பது நிமிஷம் கழித்துத்தான் பலகையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

இருபத்திரண்டு கோடு. இருபத்திரண்டும் தொட்டில்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கண்ணுக்குத் தெரியும், புத்திக்குத் தெரியும்; ஆயிரக்கணக்கான தாளில் பழகின கை மட்டும் தன் வேலையைப் பார்த்துவிட்டது. வகுப்பில் எங்கேயும் உட்காராதவன் அவள் கைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறான், பாவி. அழிக்கலாமென்றால் அழுத்திப் போட்ட கோடுகள். தேய்த்தால் தாள் பஞ்சாகிவிடும். அந்தக் கையை அங்கேயே வெட்டிப் போடலாம் போல ஆத்திரம் வந்தது. பலகையைத் தரையில் விசிறினாள். அது அரை வட்டம் சுற்றி அவள் முட்டியில் இடித்து நின்றது.

பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஷைனி பலகையைப் பார்த்தாள். தாள் தலைகீழாகக் கிடந்தது. தொட்டில்கள் எல்லாம் குடைகளாக நின்றன. அடியில் போகப் போக ஆழமாக வளைத்திருந்த கோடுகள் இப்போது மேலே போகப் போக ஆழமாகத் தெரிந்தன. மேசைமேல் வெள்ளரி அப்படியேதான் இருந்தது. வெள்ளரிக்கு இரண்டு முனையும் ஒன்றுபோலத்தான், காம்பைத் தவிர. காம்பு லேசாகப் போட்டதுதான். அதை அழித்து மறுமுனையில் வைத்தாள். அதன்பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் தலையைத் தூக்கிக் காயைப் பார்த்துவிட்டே பென்சிலை வைத்தாள். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது: தாளின் மேல்மூலையில் அச்சிட்ட தேர்வு எண் கட்டம் இப்போது அடிமூலையில் கவிழ்ந்து கிடந்தது. இதைக் காரணம் காட்டித் தாளைத் தள்ளினால் எல்லாம் போச்சு.

கையெழுத்துப் போட வந்த மேற்பார்வை அம்மாள் அதைத்தான் முதலில் பார்த்தாள். "தாளைத் தலைகீழா வச்சிருக்கீங்களே?"

"தாள் சரியாத்தான் இருக்கு மேடம். மூணு மாசமா என் கைதான் தலைகீழா இருந்துச்சு."

அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. விதிமுறைத் தாளை எடுத்து இரண்டு முறை படித்தாள். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. கழுத்தை ஒடித்துக்கொண்டு கவிழ்ந்த கட்டத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. ஒரே இடம், அதில் ஷைனியின் பெயர். சாஜு ஜெராக்ஸ் கடைக்கே ஓடிவந்து சொன்னான். அவன் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அவள் போன் அடித்தது. சூரஜ். வெட்கமானம் இல்லாத மனுஷன். டயர் கடை முகப்பை மறைக்கிற அளவுக்கு ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கப் போகிறானாம். நடுவில் அவன் படம், பக்கத்தில் அவள் படம். நல்ல ஃபோட்டோவாக ஒன்று உடனே அனுப்ப வேண்டுமாம். இது நம் வகுப்புக்கே பெருமை இல்லையா சேச்சி என்றான்.

"அனுப்பறேன்," என்றாள் ஷைனி. "ஆனா என் படத்துக்குக் கீழ நான் சொல்ற வரியை அப்படியே போடணும்."

"தாராளமா. சொல்லுங்க சேச்சி, எழுதிக்கறேன்."

"'சார் சொல்லிக்கொடுத்ததைத் தலைகீழாப் புடிச்சதால ஜெயிச்சவள்.'"

அந்தப் பக்கம் தாளில் கீறிக்கொண்டிருந்த பென்சில் பாதி வரியில் நின்றது.

"எழுதிட்டியா சூரஜ்?" என்றாள். "நல்லாப் பெரிய எழுத்தாப் போடு. மாடியில தரையில உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்களுக்கும் தெரியணும்."