சகலை வாங்கிய பங்குகள்

மாமனார் காத்தமுத்துவின் வீட்டில் கை வைத்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது. விஜேந்திரன் அந்த வீட்டின் மூத்த மருமகன், தெரணியகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். ஆனாலும் இளைய மருமகன் காளிதாஸ் வாசலில் தலைகாட்டினால், "சின்ன மாப்பிள்ளைக்கு விடுங்க, கடையில நின்னு களைச்சி வந்திருப்பாரு," என்று மாமனார் அவனை எழுப்பிவிடுவார். கோழிக்கறியில் ஈரல் யாருக்குப் போகும் என்பது அவனுக்குக் கேட்காமலே தெரியும்.

காளிதாஸுக்குக் கடைவீதியில் பலசரக்குக் கடை. அரசாங்கத் தோட்டங்களைக் கம்பனிகள் எடுத்தபோது தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பங்குகள் கிடைத்திருந்தன. பலரும் அவற்றைப் பெட்டிக்கடியில் போட்டு மறந்துவிட்டார்கள். காளிதாஸ் வீடு வீடாகக் கேட்டு வாங்கினான். 2009இல் யுத்தம் முடிந்து பங்குச்சந்தை ஏறியபோது, அவற்றில் கொஞ்சத்தை விற்ற காசில் அவன் கடைக்கு மேல் மாடி எழுந்தது.

"மூளன்னா அதுதான் மூள," என்றார் மாமனார், விஜேந்திரனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"தங்கச்சி மாடியில இருந்து பாத்தா ஆறு தெரியுதாமுங்க," என்றாள் மனைவி விஜயகலா.

பங்குக்காரர்கள் இணையத்தில் கூடிப் பேசும் மன்றமொன்றை அவனுக்குக் காட்டியதே காளிதாஸ்தான். ஆயுத பூஜையன்று தொழிற்சாலை ஓடாமல் நின்றபோது விஜேந்திரன் உள்ளே போய், கொழுந்து உருட்டும் உருளை அசையாமல் நிற்பதைக் கைப்பேசியால் ஒரு படம் எடுத்தான். வாழைமரமும் மாவிலையும் படத்தில் விழாதபடி பார்த்துத்தான் எடுத்தான். பிறகு அவிசாவளைக்குப் பஸ் ஏறி, ஓர் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து, பொய்ப்பெயரில் ஆங்கிலத்தில் எழுதினான்: கொழுந்து வரத்து இல்லை, இயந்திரங்களை நிறுத்திவிட்டார்கள், தொழிற்சாலையை மூடப்போவதைக் கம்பனி மறைக்கிறது, கண்ணால் கண்டேன். கீழே படத்தையும் போட்டான். காளிதாஸ் ஒரே ஒரு தடவை தலைகுனிந்து அந்த வீட்டுக்குள் வர வேண்டும். வேறொன்றும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

பங்கு விலை சரிந்தது. முதலில் பதறி ஓடிவந்தவர், தன் பங்குகளை விற்காமல் வைத்திருந்த மாமனார்.

"பேக்டரிய மூடப் போறாங்களாமே, மாப்பிள்ள? நீங்க ஆபீஸ்ல இருக்கிறவரு. நம்ம பங்க வச்சிருக்கவா, வித்துறவா?"

பொய் என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் அது காளிதாஸின் காதுக்கும் போகும், அவன் பதறாமல் தப்பிவிடுவான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மாமா."

அவர் நேராகக் காளிதாஸிடம் போனார். அவன் பழைய விலைக்கே அவருடைய பங்குகளை வாங்கிக்கொண்டு, "விழுந்தா என்னோட விழட்டும் மாமா," என்றானாம். அதை அவர் தொழிலாளர் குடியிருப்புகளில் லயம் லயமாகச் சொல்லித் திரிந்தார்.

கம்பனி முறையிட்டதில், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவிலிருந்து ஸம்சுதீன் என்ற மாவனல்லைக்காரர் விசாரணைக்கு வந்தார். பங்கை விற்ற மாமனார், வாங்கிய காளிதாஸ், ஆபீஸ் கிளாக்கர் மூவரையும் தோட்டத்து ஆபீஸில் உட்காரவைத்தார்.

"பொய்யக் கிளப்பி வெலய விழுத்துறது குத்தம். பொய்ப் பேர்ல எழுதினாலும் எந்தக் கடையில இருந்து வந்ததெண்டு எங்களுக்கு விளங்கும். கம்பனியில வேல செய்றவர்ண்டா இன்னும் மோசம். கோட்டுக்குப் போகணும், தண்டம் கட்டணும், மறியல்ல அடைக்கவும் ஏலும்."

படத்தை மேசையில் வைத்தார். "உருளையில மஞ்சளா இருக்கே, துருவா?"

காளிதாஸ் குனிந்து பார்த்துச் சிரித்தான். "துரு இல்லீங்க, சந்தனம். இந்தா, நடுவுல குங்குமம். ஆயுத பூஜைக்கு வச்சது."

விஜேந்திரன் அப்போதுதான் அதைக் கண்டான். பூஜையன்று சந்தனம் இல்லாத இயந்திரத்தை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அதனாலேயே அது அவன் கண்ணில் படவில்லை.

"அண்டைக்கு மெசின் ஓடல்லதானே. அப்ப பேக்டரிச் சாவி யார்ட்ட இருந்திச்சி?" என்று ஸம்சுதீன் கேட்டார்.

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க பெரிய மாப்பிள்ளகிட்டத்தாங்க. வேற ஆளுக்குத் தோட்டத்துத் தொர சாவி குடுக்க மாட்டாரு. அம்புட்டு நம்பிக்க."

காளிதாஸை வைத்துக்கொண்டு அவர் விஜேந்திரனைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அவன் அதை மனதுக்குள் இன்னொரு தடவை சொல்லிப்பார்த்தான்.

"நான்தாங்க எழுதினேன்," என்றான் பிறகு.

வேலை போனது. வழக்கு வந்தது. பிணைக்குக் கையெழுத்திட்டவன் காளிதாஸ். நீதிமன்றத்திலிருந்து திரும்பும்போது காளிதாஸ் ஓட்டிய வேனில் முன் இருக்கையில் மாமனார் ஏறிக்கொண்டார். பின்னால் உட்கார்ந்திருந்த விஜேந்திரன், அந்த இரண்டு தலைகளும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து ஏதோ பேசுவதைப் பார்த்துக்கொண்டே வந்தான். எத்தனை வருஷம் மறியல் என்று அவன் யோசிக்கவில்லை. இருவரும் என்ன பேசுகிறார்கள் என்று, வேன் சத்தத்துக்கு மேலே, காதைக் கூர்மையாக்கிக்கொண்டிருந்தான்.