தோன் ஓரினைக் கொல்ல ஒரு நாலாவது வரி

1.

இந்தக் கதை எனக்கு ரொட்டிக்கடை வரிசையில் கிடைத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு, அக்டோபர் கடைசி. எனக்கு முன்னால் கைத்தடியோடு நின்ற அமெரிக்க நாவலாசிரியர், கடைக்காரி குக்காவிடம் கேட்டார்:

"ஏம்மா, என்னை எப்பத்தான் சாகடிப்பீங்க?"

"அடுத்த வருஷம் பாப்போம், தோன் ஓரின். ரொட்டி நாலா, அஞ்சா?"

நான் ரொட்டி வாங்காமலேயே திரும்பிவிட்டேன்.

(வெளியூர் வாசகருக்கு: நவம்பர் தொடக்கத்தில் இறந்தோர் நாள் வந்தால், மெக்சிகோவில் எங்கள் ஊரான குவானஹுவாதோவில் உயிரோடிருப்பவர்களைப் பாட்டில் சாகடிப்போம். நாலே வரி. மண்டையோட்டுப் பாட்டு என்று பெயர். ஒல்லிக்காரி அரிவாளோடு வருவாள், சாவை அப்படித்தான் கூப்பிடுவோம். ஆளைக் கேலி செய்வாள், இழுத்துக்கொண்டு போவாள். மேயர், பாதிரியார், பல் டாக்டர் எல்லோரும் வருஷா வருஷம் சாகிறார்கள். கல்லூரித் தாளில் இந்தக் கொலைகளைச் செய்கிறவன் நான். எங்கள் முதல்வரை மூன்று முறை கொன்றிருக்கிறேன். நலமாக இருக்கிறார்.)

2.

தொடக்கம் ஒன்று: ஆரின் டட்டில் ஓஹியோவின் பசுமையான சோள வயல்களுக்கு நடுவே—

(எங்களுடையது சுரங்க ஊர். பசுமையைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.)

தொடக்கம் இரண்டு: காதலில் தோற்ற அந்த இளம் கவிஞர், எல்லையைக் கடந்து—

(விசாரித்துவிட்டேன். காதல் கிடையாது. பஸ் மாறி ஏறியிருக்கிறார்.)

தொடக்கம் மூன்று, இதை வைத்துக்கொள்வோம்: டட்டில் ஒன்பது நாவல்களும் மூன்று கவிதைத் தொகுப்புகளும் எழுதினார். எங்கள் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றிய முதல் நாவல் அமெரிக்காவில் நன்றாக விற்றது. இரண்டாவதற்கு, "கொஞ்சம் கிட்டார் சேருங்கள்" என்றார் பதிப்பாளர். டட்டில் கிட்டார் சேர்க்கவில்லை. பதிப்பாளரும் சேரவில்லை. நியூயார்க்கில் போட்ட இலக்கிய அகராதி, மெக்சிகோக்காரர் என்று அவரை விட்டுவிட்டது. மெக்சிகோ நகரத்து அகராதி, அமெரிக்கர் என்று விட்டுவிட்டது. இரண்டுமே மிகுந்த மரியாதையோடு.

ஆரின் எங்கள் வாயில் ஓரின் ஆயிற்று. எங்கள் மொழியில் தோன் என்றால் ஐயா, ஓரின் என்றால் துரு. ஊரே நாற்பது வருஷமாக அவரைத் 'துரு ஐயா' என்று கூப்பிடுகிறது. அவருக்கு அதில் சந்தோஷம்தான். பெயர் வைத்தவர்கள் பாட்டும் வைப்பார்கள் என்று காத்திருந்தார்.

3.

அச்சுக்கூடத்துக்குள் நுழையும்போதே டட்டிலுக்கு மூச்சு வாங்கியது. மை வாசனை அவருக்கு எப்போதும் தெம்பு. இன்று அதுவும் பலிக்கவில்லை. அச்சுக் கோப்பவன் எவாரிஸ்டோ ஈய எழுத்துகளில் கோத்து வைத்திருந்த பக்கத்தைத் தலைகீழாகவே படித்தார். மேயர் இருந்தார். குக்கா இருந்தாள். அவர் இல்லை.

"என்னய்யா, இந்த வருஷமும் நான் சாகலையா?"

"அபசகுனமா பேசாதீங்க தோன் ஓரின். விருந்தாளிய யாராச்சும் சாகடிப்பாங்களா?"

"நாப்பது வருஷமாவா விருந்தாளி? உன் கல்யாணத்துல குடிச்சுட்டு படிக்கட்டுல உருண்டவன்யா நான்."

"உருண்டீங்கதான். நாங்க யாராச்சும் சிரிச்சமா?"

"அதான்யா என் வருத்தமே!"

எவாரிஸ்டோவுக்கு இது விளங்கவில்லை. மரியாதையாக ஒரு முக்காலியை எடுத்துப் போட்டான். டட்டில் உட்காராமல், மூலையில் பிழை திருத்திக்கொண்டிருந்த கல்லூரிக்காரனிடம் திரும்பினார். (நான்தான்.)

"முதல்வர கொல்றவன் நீதானே? என்னையும் ஒரு கை பாரு. டிசம்பர்ல தங்கச்சி மக வந்து ஓஹியோவுக்குக் கூட்டிட்டுப் போறேங்கறா. தாள்ல என் சாவு வந்தா நான் இந்த ஊர்க்காரன், இங்கயே கெடப்பேன். வரலேன்னா பெட்டியக் கட்டிருவேன். ஒண்ணு சொல்றேன், மரியாதையா எழுதினே, கிழிச்சுடுவேன்."

4.

இந்த இடத்தில் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆள் பாவமாகிக்கொண்டே போகிறார். பாவப்பட்ட கிழவர்களை எழுத நாட்டில் வேறு ஆள் இருக்கிறார்கள். ஆகவே சொல்லிவிடுகிறேன்: டட்டில் கஞ்சர். பக்கத்து வீட்டுக் கழுதை கத்துகிறது என்று மேயரிடம் புகார் கொடுத்தவர். "என் நாவலைப் படிச்சியா?" என்பார். படித்தேன் என்றால், "எந்த அத்தியாயம்?" என்பார்.

அங்கேயே முதல் பாட்டு எழுதினேன். அதில் 'மேதை' என்று ஒரு சொல் இருந்தது. சொன்னபடி கிழித்தார்.

இரண்டாவது இது. (எங்கள் மொழியில் எதுகை வேறு. இங்கே உங்களுடையது.)

துருவையா கதவைத் தட்டினாள் ஒல்லிக்காரி;
"ஒருபக்கம் பாக்கி, உட்கார்" என்றார் கதைக்காரர்;
வருஷங்கள் போயின, அரிவாளில் துருவேற,

இரண்டாம் வரியில் நான் முதலில் 'ஒரு அத்தியாயம்' என்றுதான் போட்டிருந்தேன். டட்டில் என் பேனாவைப் பிடுங்கி அதை அடித்தார். "சீர் நொண்டுது. அதோட நான் எப்பவும் ஒரு பக்கம்னுதான் பொய் சொல்வேன்."

எவாரிஸ்டோ எட்டிப் பார்த்தான். மூன்றாம் வரியில் உதட்டைக் கடித்தான். தோள் குலுங்கியது. சுவரைப் பார்த்துத் திரும்பினான். அப்புறம் வெடித்துவிட்டான். எழுத்துப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"துரு ஐயா... அரிவாளுக்கே துரு... அந்தக் கழுதையையும் போடுடா! ஐயோ, அன்னைக்கு உருண்டீங்களே தோன் ஓரின், பீப்பா மாதிரி! மாமனார் பாவம், பூகம்பம்னு வெளிய ஓடிட்டாரு!"

"இருபது வருஷம் கழிச்சுச் சிரிக்கிறான் பாரு" என்றார் டட்டில். அப்போதுதான் முக்காலியில் உட்கார்ந்தார். "சரி, நாலாவது வரி எங்கே?"

5.

நாலாவது வரி இல்லை.

வழக்கப்படி அதில் பிணம் எங்கே போகிறது என்று சொல்லியாக வேண்டும். முடிவு ஒன்று: ஒல்லிக்காரி அவரை எங்கள் மலைக் கல்லறைக்கு இழுத்துப் போகிறாள், ஊர் கை தட்டுகிறது. (இனிப்பு அதிகம்.) முடிவு இரண்டு: பல்லைக் கடித்துக்கொண்டு அவர் காசில் ஓஹியோவுக்கு இரண்டு பயணச்சீட்டு எடுக்கிறாள். (அவர் கஞ்சர். ஒன்றுக்கே சம்மதிக்கமாட்டார்.) முடிவு மூன்று: துருப்பிடித்த அரிவாளைப் போட்டுவிட்டு அவருடைய நாவலைப் படிக்க உட்கார்ந்து—

இல்லை. எந்த அத்தியாயம் என்று கேட்பார்.

எவாரிஸ்டோ மூன்று வரிகளையும் கோத்துவிட்டான். நாலாவதுக்கு இடம் விட்டு, இயந்திரத்தின் மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். டட்டில் என் பேனாவைத் திருப்பித் தரவில்லை. உங்கள் பக்கம்தான் நீட்டிக்கொண்டிருக்கிறார். ஆகவே நீங்களே எழுதிவிடுங்கள். ஒரே நிபந்தனை: எதுகை தப்பக்கூடாது. முதல் சொல்லில் இரண்டாம் எழுத்து 'ரு' வர வேண்டும்.

'தெரு' இருக்கிறது. 'எரு' இருக்கிறது, அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

'இரு' என்றும் ஒரு சொல் இருக்கிறது.