பேய் கோழி தின்னுமா?

நாவலாசிரியர் நம்குங் ஹ்யோக் சோபாவிலிருந்து எழுந்து நின்று அறிவித்தார்: தன் நாவலை வைத்து எடுக்கும் தொலைக்காட்சித் தொடரிலிருந்து தன் பெயரை எடுத்துவிடப் போகிறார். அடுத்த பகுதியில் பெயர் வராமலிருக்க ஆறு மணிக்குள் இயக்குநர் பியோனுக்குச் சொல்லியாக வேண்டும். சமையலறையில் மீன் துண்டுகளை முட்டையில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்த மனைவி சோன்ஹ்வா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். அவருடைய நாவலில், பரீட்சை சமயத்தில் செத்துப்போன யூல் என்ற மாணவி பேயாக வந்து வகுப்பறை ஜன்னலோரம் நிற்கிறாள். எதுவும் சாப்பிடமாட்டாள். அந்தப் பசிதான் நாவலின் ஆன்மா என்று அவரே பல மேடைகளில் தன்னைப் பாராட்டியிருக்கிறார். தொடருக்குப் பணம் போடுவதோ பொரித்த கோழி விற்கும் கடைக்காரர்கள். நேற்று ஒளிபரப்பான முதல் பகுதியிலேயே யூல் ஒரு டப்பா கோழியைக் காலி செய்துவிட்டு விரலைச் சப்புகிறாள்.

பதினாறு வயது மகள் தாயோனிடம் நியாயம் கேட்டார். அவர் வாசகர்களின் வயதுதானே.

"புத்தகத்துல அவ ஆறு அத்தியாயம் நின்னு யோசிக்கிறாப்பா. டிவில 'பசிக்குது'ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னா, நான் அழுதுட்டேன்" என்றாள் அவள். ஏழாவது அத்தியாயம் எப்படி என்று கேட்டார். அவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"செத்தவங்க சாப்பிடமாட்டாங்க. இதுகூடத் தெரியாதவன்லாம் இயக்குநர்" என்றார் நம்குங், சமையலறைக்கும் கேட்கும்படி.

சோன்ஹ்வா அடுப்பை அணைத்தாள்.

"அப்ப காலையிலேருந்து நான் யாருக்குங்க பொரிச்சிட்டிருக்கேன்?"

அன்று அவர் அப்பாவின் நினைவுநாள். மூத்த மகன் என்பதால் படையல் இந்த வீட்டில்தான். வருஷா வருஷம் அப்பா உள்ளே வருவதற்காக வாசல் கதவை லேசாகத் திறந்துவைத்து, சோற்றில் கரண்டியை நட்டு, 'அப்பா சாப்பிடுறார்' என்று தம்பிகளையெல்லாம் அறைக்கு வெளியே விரட்டி, உள்ளே எட்டிப் பார்த்தவனை முறைப்பவரும் இவர்தான்.

அது மரபு, இது இலக்கியம் என்று ஆரம்பித்தார். அவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து மடித்து மேசையில் வைத்தாள்.

"பேய் சாப்பிடாதுன்னு நீங்களே உங்க தம்பிங்களுக்கு போன் போட்டுச் சொல்லிடுங்க. நான் போய் படுக்கிறேன்."

மாவு எந்த டப்பாவில் இருக்கிறது என்று நம்குங் யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. இருபது வருஷக் குடித்தனம்.

இயக்குநருக்கு போன் போட்டார். பெயர் இருக்கட்டும், ஆனால் இனிமேல் யூல் வாசனையை மட்டும்தான் உறிஞ்ச வேண்டும், அதுதான் நம் முன்னோர் வழக்கம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். பியோனுக்கு ஏக சந்தோஷம். வாசனை என்றால் ஆவி பறக்கப் பறக்கக் கோழியை இன்னும் பக்கத்தில் காட்டலாம், கடைக்காரர்கள் துள்ளிக் குதிப்பார்கள் என்றார்.

சோன்ஹ்வா அடுப்பைப் பற்றவைத்து, தோசைத்திருப்பியை அவர் கையில் கொடுத்தாள். அவர் மீனைத் திருப்பினார். உடைந்தது.

"அது உங்க தட்டுக்கு" என்றாள். "மாமாவுக்கு முழுசா ஒண்ணு போடுங்க."