மீன் குளித்தால் கரையேற வேண்டும்

வம்சி அண்ணனை உலுக்கினேன். பக்கத்துத் தறிகளின் இரைச்சலில் எங்கள் வீட்டில் எதுவும் யாருக்கும் கேட்காது. ஆனாலும் காதருகே குனிந்துதான் சொன்னேன்.

"அண்ணா, பயமா இருக்குது. எந்திரிங்க."

"என்ன அம்மணி, கரப்பானா?"

"மீன்பாறை வீடியோங்ண்ணா."

போன லீவில் பவானிக் கரையிலுள்ள மாமா ஊரில் எடுத்தது. மருத மரங்களுக்கிடையே ஆறு வளையும் இடம், நீர்க்காக்கைகள் சிறகு காயவைக்கும் நடுப்பாறை, அதன் ஓரத்தில் எந்தக் காலத்திலோ யாரோ செதுக்கிவைத்த ஒரு முழ மீன். 'முழங்கால் தண்ணிதான், நடந்தே போலாம்' என்று பேசியிருந்தேன். நெட்டில் போட்டதும் எங்கெங்கிருந்தோ பார்த்தார்கள்.

"நல்லாத்தான பேசியிருந்த, பெரிய டிவிக்காரியாட்ட."

"மீன் குளிச்சா கரையேறோணும்னு சொல்லவே இல்லீங்ண்ணா."

அண்ணன் எழுந்து உட்கார்ந்தான்.

மேலே அணையைத் திறந்தால் ஆறு விறுவிறுவென ஏறும். மீனின் வால் நனைந்ததும் துவைத்துக்கொண்டிருப்பவர்கள் சோப்பைக்கூட விட்டுவிட்டு ஓடுவார்கள். மாமா ஊரில் வாண்டுகளுக்கும் அது தெரியும். அதனால்தான் எனக்குச் சொல்லத் தோன்றவேயில்லை.

போனை நீட்டினேன். வீடியோவைப் பார்த்துவிட்டு அங்கே போயிருந்த ஆர்.எஸ்.புரத்துக்கார பிரத்யுஷா அக்கா இப்போதுதான் படம் அனுப்பியிருந்தார். பாறைமேல் கூடாரம், டார்ச் வெளிச்சம், தொங்கவிட்ட இரண்டு ஜோடிக் குட்டிக் கால்கள். 'தேங்க்ஸ் லாஸ்யா! உங்க மீனு உசுரோட இருக்கற மாதிரியே மின்னுது.'

அண்ணன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். வால் பளபளத்தது.

"ஏறுங்கக்கான்னு அனுப்பிட்டே இருக்கறேன். போகவே மாட்டேங்குது. கூப்பிட்டாலும் போகல."

போலீசுக்குச் சொன்னோம். வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். பிறகு அண்ணன் வேங்கடசாமி மாமாவை எழுப்பினான். மாமாவுக்கு ஆற்றோரத்தில்தான் வீடு. போனை வைக்காமலே ஓடினார். அவர் மூச்சும் செருப்புச் சத்தமும் கேட்டன. அப்புறம் தண்ணீர்ச் சத்தம்.

"ஏனுங்க! ஏறுங்க! தண்ணி வருதுங்க!"

போனை நான் பிடுங்கிக்கொண்டேன். "மாமா, கேட்டுச்சுங்களா அவங்களுக்கு?"

"எங்க கண்ணு கேக்குது, இந்த இரைச்சல்ல. டார்ச் அடிச்சுக் காட்டறேன்." தண்ணீர்ச் சத்தம் கூடியது. "குழந்தைக கையாட்டுதுக. டாட்டா காட்டுதுக, கண்ணு."

"நீங்க போயி கூட்டிட்டு வாங்க மாமா."

"கால் வெக்க முடியல சாமி. இழுக்குது."

அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கப் பார்த்தான். நான் கொடுக்கவில்லை.

"மாமா, மீன் தெரியுதுங்களா?"

மாமா டார்ச்சைப் பாறையோரம் திருப்பியிருக்க வேண்டும்.

"இல்ல கண்ணு."