புகை ஏறிய பீப்பாய்

"நாம தேனீகிட்ட இருந்து தேன் எடுக்கிறோமே, பதிலுக்கு அதுக்கு என்ன குடுக்கிறோம்?"

இதைக் கேட்டபோது ஷிஜாவுக்கு ஆறு வயது. தேன் கம்பெனி ஊரில் முதல் கூட்டம் போட்ட நாள் அது. தபோரா நகரத்திலிருந்து வந்த கம்பெனிக்காரர் ரெஹேமா அம்மாள் மாமரத்தடியில் நின்று நல்ல விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டு ஊரே சிரித்தது.

"உன் கஞ்சியில பாதியக் குடு," என்றாள் பக்கத்து வீட்டு மவாஷி.

ரெஹேமா சிரிக்கவில்லை. "காட்டைக் குடுப்போம் தம்பி. வெட்டாம விடுவோம். நாம குடுக்கிற கூலி அதுதான்," என்றார்.

அவருடைய வியாபாரமே அந்தப் பதிலில்தான் நின்றது. சந்தையில் கிடைப்பதைவிட நல்ல விலைக்குத் தேனை வாங்குவார். லாபத்தில் ஒரு பகுதி காட்டுக் காவலருக்கும், ஊர் மருந்தகத்துக்கும் போகும். பதிலுக்கு ஊர் மரம் வெட்டிக் கரி சுடக்கூடாது. கரி சுடுகிறவரின் குடும்பம் கம்பெனியிலிருந்து விலக்கப்படும், மருந்தும் கிடைக்காது. எல்லோருடைய தேனும் ஒரே பீப்பாயில் சேர்ந்து, புகையில்லாத காட்டின் தேன் என்ற பெயரோடு கடல் தாண்டிப் போகும். ஒரே பானையில் சமைத்துச் சாப்பிடுவதுபோல அது ஊருக்குப் பிடித்துப்போனது. சில வருடங்களில் வெட்டிய அடிமரங்கள் எல்லாம் துளிர்த்து ஆளுயரம் வளர்ந்தன.

பிறகு மழை பொய்த்தது. அந்த வருடம் மரங்கள் சரியாகப் பூக்கவில்லை.

ஷிஜாவின் அம்மா லிமி தனியாக இருந்தாள். கணவன் கெய்தா என்ற ஊரின் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவன். அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. இரட்டைப் பிள்ளைகளைப் புதைத்தபின் பிறந்தவன் ஷிஜா. அவன் இரத்தத்தில் பிறவிக் கோளாறு. குளிர்காலம் வந்தால் எலும்புக்குள் வலி புகுந்துவிடும். அந்த ஜூன் மாதக் குளிரில் அவன் கண் மஞ்சளாகிப் பேச்சு நின்றது. இரத்தம் ஏற்றாவிட்டால் தாங்காது, நகரத்துக்குக் கொண்டுபோ என்றார் மருந்தகத்துத் தாதி.

பீப்பாய் விற்றால்தான் தேனுக்குக் காசு வரும். கரிக்கோ சாலையோரத்தில் லாரிக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவார். லிமி பாறைக்குப் பின்னால் பள்ளத்தில் ஒரு கரிமூட்டம் போட்டாள். விழுந்து கிடந்த கட்டைகள் போதவில்லை. நின்ற மரம் ஒன்றையும் வெட்டினாள். வெட்டுவதற்கு முன் அதன்மேல் கை வைத்து மன்னிப்புக் கேட்டாள்.

கரி விற்ற காசில் நகரத்தில் இரத்தம் ஏற்றியதும் ஷிஜா எழுந்து உட்கார்ந்தான்.

மரத்தில் தொங்கும் தேனீப் பெட்டியிலிருந்து அவள் எடுத்த தேன் ஒரு சிறு வாளிதான். வாளியின் மூடி உடைந்திருந்தது. எறும்புக்குப் பயந்து, கையில் கிடைத்த கரிச்சாக்கைத் துவைத்துக் காயவைத்து அதன்மேல் கட்டினாள். தேன் பக்கத்தில் உள்ள வாசனையை எல்லாம் குடித்துவிடும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. சாக்கை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கட்டினாள். ஆனால் மூட்டத்தின் பக்கத்திலேயே கிடந்து பழகிய மூக்குக்குப் புகை தெரியவில்லை.

தேன் சேர்க்கும் நாளில் மிஹாயோ பீப்பாய் அருகே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஞாயிறுதோறும் கோயிலில் ஜெபம் சொல்பவர் அவர்தான். ஒவ்வொரு வாளியையும் ருசி பார்த்து ஊற்றுகிறவரும் அவர்தான்.

"ஷிஜாம்மா, பையன் எப்படி இருக்கான்?"

"கஞ்சி குடிக்கிறாண்ணே. உப்பு பத்தலன்னு நேத்து என்னையத் திட்டுனான்."

"திட்டுனானா? அப்ப பொழச்சுக்குவான்."

குச்சியை முக்கி நாக்கில் வைத்தார். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. லிமியின் கைகளைப் பார்த்தார். விரல் வெடிப்புகளில் கருப்பு இன்னும் போகவில்லை. லிமி கைகளைத் துணிக்குள் மறைத்துக்கொண்டாள்.

வரிசையில் பின்னால் நின்ற மவாஷி, "என்ன மாமா, அவ தேன் மட்டும் நாக்குல ஒட்டிக்கிச்சா?" என்றாள்.

"உன் வாய்க்கு முன்னாடி எந்தத் தேனும் கசக்கும்மா," என்றார் மிஹாயோ. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வாளியைப் பீப்பாயில் கவிழ்த்தார். இவ்வளவு பெரிய பீப்பாய் இந்தச் சிறு புகையை விழுங்கிவிடும் என்று நினைத்தார். கடவுளும் அப்படித்தானே விழுங்குகிறார் என்றும் நினைத்திருப்பார்.

பீப்பாய் விழுங்கவில்லை. ஜூலைக் கடைசியில் ரெஹேமா அதைத் திருப்பிக் கொண்டுவந்து மாமரத்தடியில் இறக்கினார். அவருக்குக் கோபமில்லை, களைப்பாக இருந்தார்.

"இந்தக் காட்டுல புகை இல்லன்னு வெளிநாட்டுல வாங்கறவங்ககிட்ட நான் வாக்குக் குடுத்தேன். தேன்ல கரிப்புகைன்னு சோதனையில வந்துருச்சு. இனி வாங்க மாட்டேங்கிறாங்க. எனக்கு வேற ஆளும் இல்ல. இது யாருதுன்னு சொல்லுங்க. அந்த ஒருத்தரை விலக்கியாவது கெஞ்சிப் பாக்கறேன்."

ஷிஜா அம்மாவின் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். லிமி வாயைத் திறந்தாள். அதற்குள் மிஹாயோ எழுந்துவிட்டார்.

"யாருதுன்னு தெரியலம்மா. எனக்கு நாக்கு செத்துப்போச்சு. வாங்கி ஊத்துனவன் நான். விலக்கறதுன்னா என்னைய விலக்குங்க."

"நாக்கு செத்தவருக்கு முக்காலி எதுக்கு?" என்று ஒருவன் கத்தினான்.

"ஜெபம் சொல்ற நாக்குதானே அது," என்றான் இன்னொருவன்.

மிஹாயோ ஷிஜாவைப் பார்த்தார். பிறகு லிமியைப் பார்த்து மிக லேசாகத் தலையை அசைத்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ரெஹேமா கெஞ்சிப் பார்த்தார், பலிக்கவில்லை. லாரி வருவது நின்றது. சம்பளம் இல்லாததால் காவலர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஊரில் கோடாரிகளைத் தீட்டும் சத்தம் மறுபடி கேட்டது. மருந்தக அலமாரி காலியானது. ஆகஸ்டில் ஷிஜாவுக்கு வலி திரும்ப வந்தபோது தாதி வெறும் கையை விரித்துக் காட்டினார். இந்த முறை நகரத்துக்குப் போகும் வழியிலேயே அவன் அம்மாவின் மடியில் இறந்தான்.

புதைத்த நாளில் மிஹாயோவும் வந்தார். கோயிலில் ஜெபத்தை வேறொருவர் சொல்லத் தொடங்கியிருந்தார். வழியில் யாரும் அவருக்கு வணக்கம் சொல்வதில்லை. கால் வீங்கி, தடியூன்றி நடந்தார். உலர்ந்த வள்ளிக்கிழங்குத் துண்டுகளைத் துணியில் முடிந்து லிமியின் வாசலில் வைத்தார்.

"சாப்பிடும்மா," என்றார்.

செப்டம்பரில் காய்ந்த புல்லில் காட்டுத்தீ வரும். அதற்கு முன் தேன்காரர்கள் தங்கள் பெட்டி தொங்கும் மரத்தைச் சுற்றிப் புல்லைக் கொத்தி, சருகைக் கூட்டி, வெறும் மண்ணாக வட்டம் போட்டுவிடுவார்கள். தீ அந்த மண்ணைத் தாண்டாது. இந்த வருடம் யாரும் போகவில்லை. வாங்க ஆளில்லாத தேனுக்கு வட்டம் எதற்கு? மிஹாயோவுக்குப் போக மனம் இருந்தது, கால் இல்லை.

லிமி விடியும் முன்பே மண்வெட்டியும் விளக்குமாறும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பிள்ளையின் குழிமேட்டுக்குப் போகிறாள் என்று ஊர் நினைத்துக்கொண்டது. அவள் அதைத் தாண்டிப் போனாள். மிஹாயோவின் பெட்டிகள் இருந்த ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து கொத்தினாள், கூட்டினாள். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவாள். முடிகிறவரை தினமும் போனாள்.

தீ வந்து போனது. ஊர்க்காரர்களின் பெட்டிகள் பல எரிந்தன. மிஹாயோவின் பெட்டிகளும் போயிருக்கும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவரும் போய்ப் பார்க்கவில்லை.

லிமி போனாள். கண்ணுக்கு எட்டியவரை தரை கருப்பு. நடுவில் செம்மண் வட்டங்கள், ஒவ்வொன்றிலும் இலையோடு நின்ற ஒரு மரம். மேலே பெட்டிக்குள் இரைச்சல் கேட்டது.

ஓடை வறண்டு கிடந்தது. அவள் மடியிலிருந்து ஷிஜாவின் தகரத் தட்டை எடுத்தாள். விளிம்பில் நீலக்கோடு போட்ட தட்டு. அதை மரத்தடியில் வைத்துக் குடுவைத் தண்ணீரை ஊற்றினாள். தேனீ முழுகிவிடாமல் உட்கார, சுள்ளிகளை ஒடித்து மிதக்கவிட்டாள். தள்ளி உட்கார்ந்து காத்திருந்தாள். ஒரு தேனீ வந்தது. பிறகு இன்னும் சில வந்தன.

எழுந்தவள், தன் காலடித் தடங்களை விளக்குமாற்றால் அழித்துக்கொண்டே வட்டத்தைவிட்டு வெளியே வந்தாள்.